ஊட்டி ரயிலில் ஏறுமுன் லாட்ஜுக்கு ஒரு போன் போடுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஆனாலும் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் போய்ச் சேர மதியமாகிவிடும். இருக்கைகள் குறைவு. வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வருகிறவர்கள், முன்பதிவு 60 நாளைக்கு முன் திறந்ததும், அங்கிருந்தே டிக்கெட் எடுத்துவிடுங்கள். தத்கால் பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள்: 2025 ஜூலை முதல் ஆன்லைனில் தத்கால் எடுக்க ஆதார் வேண்டும். ஓசிஐ அட்டையோடு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வரும் நம்மில் பலரிடம் அது கிடையாது.

சரி, டிக்கெட் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தங்குவீர்கள்?

அம்மாவோடு போனேன். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துக் காரமடையிலேயே வாழ்ந்தவர், இந்த ரயிலில் ஏறியதில்லை. அப்பா கூட்டிப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; அவருக்குப் பிறகு, ஒவ்வொரு லீவிலும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே, இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பல்சட்டம் தொடங்கும். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். வழியில் மொத்தம் 16 குகைகள். இருட்டு வந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட, அம்மாவும் சேர்ந்து கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஊட்டியில் முன்பணம் கட்டியிருந்த லாட்ஜில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரரைத் தங்கவைத்தால், 24 மணி நேரத்துக்குள் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். சி ஃபார்ம் என்பார்கள். சின்ன லாட்ஜுகள் பலவற்றில் அதற்கான பதிவே இருக்காது.

“அம்மாவுக்கு ரூம் தர்றோங்க. உங்களுக்குத்தான் முடியாதுங்க சார்.”

“எம்பையனுங்க. காரமடையில பொறந்தவன்” என்று அம்மா தன் ஆதாரை நீட்டினார். இன்னொரு முறையும் நீட்டினார். அந்தக் கையை மடக்கிக் கூட்டி வருவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அப்புறம் தூறலில் பையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் அதே பதில். அம்மாவுக்கு முழங்கால் வலி. “நீ வேணும்னா தங்கிக்கம்மா” என்று ஓரிடத்தில் சொன்னேன். அவர் பதிலே சொல்லவில்லை. இருட்டும் நேரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் சில நிமிடங்களில் பதிந்து சாவி கொடுத்தார்கள். வாடகை பல மடங்கு.

ஆகவே, பணம் கட்டுமுன் “சி ஃபார்ம் போடுவீங்களா?” என்று கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். ஆன்லைனில் ரூம் ‘கன்ஃபர்ம்’ ஆகியிருப்பதை நம்பாதீர்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை, அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போனால் இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வேண்டாம். வெளியூர்க் காரில் ஏறினால் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. அப்புறம், அங்கே போய்ப் பணம் கட்டும் அறையாகவே பாருங்கள். நான் கட்டிய முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.