முதல் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாவது எப்படி? மாதிரித் தேர்விலிருந்து தொடங்குங்கள்

பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் எழுதப்போகும் தகுதித் தேர்வு, அதுவரை எழுதிப் பழகிய பள்ளித் தேர்வைப் போன்றதன்று. நடத்திய பாடம் எவ்வளவு நினைவில் இருக்கிறது என்று பள்ளித் தேர்வு கேட்கிறது. எல்லோருக்கும் ஒரே விதிமுறை, ஒரே மதிப்பீட்டு முறை என்று நடத்தப்படும் தகுதித் தேர்வோ, முன்பின் பார்த்திராத ஒரு கேள்வியை ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் எப்படிக் கையாளுகிறீர்கள் என்று பார்க்கிறது. ஆகவே, தடிமனான வழிகாட்டி நூலை முதல் பக்கத்திலிருந்து அடிக்கோடிட்டுக்கொண்டே போவது உழைத்த நிறைவைத் தருமே தவிர, மதிப்பெண்ணை அவ்வளவாக உயர்த்தாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மாதத்தில் பேனா மை தீர்ந்ததைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

கீழே உள்ள முறை எந்தத் தகுதித் தேர்வுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுக்கு, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதப்படும் எஸ்.ஏ.டி. (SAT) தேர்வைக் கொள்கிறேன்.

முதல் படி: தேர்வின் அமைப்பை ஒரே தாளில் எழுதுங்கள்

எத்தனை பகுதிகள், எத்தனை கேள்விகள், எவ்வளவு நேரம் என்பதை நடத்தும் அமைப்பின் இணையதளத்தைப் பார்த்து உங்கள் கையாலேயே எழுதுங்கள். எஸ்.ஏ.டி. தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதி 32 நிமிடங்கள் வீதம் இரு கூறுகளாகவும், கணிதப் பகுதி 35 நிமிடங்கள் வீதம் இரு கூறுகளாகவும் நடக்கின்றன. முதற்பகுதியின் ஒவ்வொரு கூறிலும் 27 கேள்விகள், கணிதத்தில் 22 கேள்விகள். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு முன்னதில் சுமார் 71 விநாடிகளும், பின்னதில் சுமார் 95 விநாடிகளும் கிடைக்கின்றன. அந்த இரண்டு எண்களைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: எதையும் படிக்காமல் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள்

தேர்வை நடத்துபவர்களே வெளியிடும் முழு நீள மாதிரித் தேர்வைத்தான் எடுக்க வேண்டும்; எஸ்.ஏ.டி.க்கு அது, அந்தத் தேர்வையே கணினியில் எழுதப் பயன்படும் புளூபுக் (Bluebook) செயலியில் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, உரிய நேரத்தில் தொடங்கி உரிய நேரத்தில் முடியுங்கள். மதிப்பெண் குறைவாக வரும். அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: பிழைக் குறிப்பேடு

மொத்த ஆயத்தத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மாதிரித் தேர்வு எழுத இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், அதைத் திருப்பிப் பார்க்கக் குறைந்தது அதே அளவு நேரத்தையாவது ஒதுக்க வேண்டும். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை எழுதுவதைவிட, அந்தத் தவறு எந்த இடத்தில் பிறந்தது என்பதை எழுதுவதே முக்கியம்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். நூறாக இருந்த ஒரு தொகை 20 சதவீதம் கூடி, பிறகு 20 சதவீதம் குறைகிறது, இப்போது எவ்வளவு? அவசரத்தில் பலரும் நூறு என்றே குறிப்பார்கள். கூடும்போது 120 ஆகிறது. குறையும் 20 சதவீதம் அந்த 120-இன் மீது கணக்கிடப்படுவதால் 24 கழிந்து 96 மிஞ்சுகிறது. குறிப்பேட்டில் ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதினால் அடுத்த முறையும் அதே குழியில் விழுவீர்கள். ‘சதவீதம் எதன் மீது என்று பார்க்கவில்லை’ என்று எழுதினால், அடுத்த கேள்வியில் கண் தானாகவே அந்த இடத்தில் நிற்கும்.

பாடம் தெரியாததால் வந்த தவறு, கேள்வியைத் தவறாகப் படித்ததால் வந்த தவறு, நேரம் போதாததால் வந்த தவறு என்று மூன்று குறியீடுகள் இருந்தால் போதும். முதல் வகைக்குத்தான் புத்தகம் தேவை. தற்செயலாகச் சரியாகிவிட்ட கேள்விகளையும் குறிப்பேட்டில் சேருங்கள். அவை தவறுகளைவிட ஆபத்தானவை, ஏனெனில் மதிப்பெண் பட்டியல் அவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை.

நான்காம் படி: மூடி வைத்து நினைவுகூருங்கள்

ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். மறுவாசிப்பு நம்மை ஏமாற்றுவது இதனால்தான்: அது படித்த அன்று நன்றாகவே வேலை செய்கிறது. எனவே குறிப்பேட்டில் விடையை மறைத்துவிட்டு, மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதே கேள்விகளைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஊகிப்பதற்கான கணக்கு

எஸ்.ஏ.டி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. சரியான விடைக்கு 4 கூட்டி, தவறுக்கு 1 கழிக்கும் தேர்வுகளும் உண்டு. அங்கே நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும். இரண்டு தெரிவுகளை உறுதியாக விலக்க முடிந்தால் அந்தச் சராசரி ஒன்றரையாகிறது. உங்கள் தேர்வின் விதியை வைத்து இந்தக் கணக்கை இன்றே போட்டு வையுங்கள். தேர்வறையில் போடுவதற்கு நேரமிருக்காது.

ஆறாம் படி: காகித வேலைகள்

பதிவு செய்யும்போது தரும் பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; தலைப்பெழுத்து, விரிவான பெயர் என்ற வேறுபாடுகூடத் தேர்வு மையத்து வாசலில் உங்களை நிறுத்திவிடலாம். அட்டை காலாவதியாகும் நாளையும் பாருங்கள், ஏனெனில் புதுப்பிக்க வாரக்கணக்கில் ஆகலாம். எஸ்.ஏ.டி. எழுதுபவர்கள் தேர்வுக்கு முந்தைய ஐந்து நாள்களுக்குள் புளூபுக் செயலியில் தேர்வுக்கான முன்னேற்பாட்டை (Exam Setup) முடித்து, நுழைவுச்சீட்டைப் பெற வேண்டும். முந்தைய இரவு புதிதாக எதையும் படிக்காமல், மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றி, அதன் மின்னேற்றியையும் பையில் வைத்துவிட்டுத் தூங்கச் செல்லுங்கள்.