பல ரீஜன்களில் பரவிய டேட்டாபேஸ்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஒரே தரவைப் பல ரீஜன்களில் (ஒரு வட்டாரத்து டேட்டா சென்டர்களின் தொகுதிதான் ரீஜன்) வைத்திருக்கும் டேட்டாபேஸ்களின் டெமோவில் உலக வரைபடம் ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த ரீஜன் விழுந்தாலும் சேவை நிற்காது, அப்ளிகேஷனில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மைதான். இரண்டாம் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தூரத்தை எந்த சாஃப்ட்வேராலும் அழிக்க முடியாது. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். வர்ஜீனியாவுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே ஏறத்தாழ 6,500 கி.மீ.; போய்வரக் குறைந்தது 65 மில்லிவிநாடி. கேபிள் சுற்றிப் போவதையும் ரூட்டர்களையும் சேர்த்தால் நடைமுறையில் 90 பக்கம் வந்துவிடும். ஒரே டேட்டா சென்டருக்குள் இதே வேலை ஒரு மில்லிவிநாடிக்குள் முடியும்.

ஒரு ஆர்டரைச் சேமிக்கும் புரோகிராம் கோடைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளரின் கடன் வரம்பைப் பார்க்க டேட்டாபேஸிடம் ஒரு குவெரி (கேள்வி). பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் விலை, வரி, இருப்பு என்று தனித்தனியாக. பத்துப் பொருள் இருந்தால் முப்பது, நாற்பது குவெரி ஆகிவிடும். பெரும்பாலும் இதை எழுதியவர் மனிதரே இல்லை, குவெரிகளைத் தானே உருவாக்கும் ஓஆர்எம் லைப்ரரி. டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருந்தவரை யாருக்கும் இது உறைக்கவில்லை. ஒவ்வொன்றும் 90 மில்லிவிநாடி என்றால் நாற்பதுக்கு 3.6 விநாடி. அவ்வளவு நேரமும் டேபிளில் அந்தப் பொருள்களின் இருப்பைக் காட்டும் வரிசைகள் (ரோ) பூட்டியே கிடக்கும். அதே பொருளை விற்க வந்த மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். குவெரிகளைத் தொகுத்து ஒரே பயணமாக அனுப்புவதுதான் வழி. பெரிய சர்வர் வாங்கினால் ஒரு மில்லிவிநாடிகூடக் குறையாது.

எனவே எந்த டேபிள் எந்த ஊரில் வாழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எல்லா ரீஜனிலும் ஒரே மாதிரி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஐரோப்பிய வாடிக்கையாளரின் ஆர்டருக்கு லீடர், அதாவது எழுதுவதை முன்னின்று நடத்தும் நகல், ஐரோப்பாவிலேயே இருக்கட்டும். நாணயப் பட்டியல், வரி விகிதம் போல எப்போதாவது மாறுபவை, எழுத மெதுவாக இருந்தாலும் எங்கும் உடனே படிக்கக் கிடைத்தால் போதும். ரிப்போர்ட்டுக்குச் சில விநாடி பழைய தரவு போதும் என்றால், அருகிலுள்ள ரெப்ளிகாவிடமே (நகலிடமே) கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, இரண்டு ரீஜனோடு நிறுத்திக்கொள்வது. நகல்களை ஒத்துப்போக வைக்கும் ராஃப்ட், பேக்ஸாஸ் முறைகள் நகல்களின் பெரும்பான்மை வாக்கில் இயங்குபவை. மூன்று நகல்களில் இரண்டு ஓரிடத்திலும் ஒன்று வேறிடத்திலும் இருந்து, இரண்டு இருக்கும் இடம் விழுந்தால், மிஞ்சிய ஒன்றால் எதையும் எழுத முடியாது. ஒரு ரீஜன் போனாலும் தாங்க வேண்டுமென்றால் மூன்று ரீஜன் வேண்டும். பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் அந்த மூன்றாவதுதான்.

இரண்டு ரீஜனிலும் ஒரே நேரத்தில் எழுதவிட்டு, முரண்பட்டால் கடைசியாக எழுதியது செல்லும் என்று விட்டுவிடுவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது. இருப்பு 10. இங்கே ஒருவர் ஒன்றை விற்று 9 என்று எழுதுகிறார். அங்கேயும் ஒருவர் ஒன்றை விற்று 9 என்றே எழுதுகிறார். டேட்டாபேஸ் 9 என்கிறது, கிடங்கில் 8 இருக்கிறது. சுயவிவரப் படத்துக்கு இந்த முறை பரவாயில்லை. பணத்துக்கும் சரக்குக்கும் கூடவே கூடாது.

ஓரிடம் விழுந்தால் தானாகவே வேறிடத்துக்கு மாறும் தானியங்கி ஃபெயில்ஓவரைப் பற்றிப் பேசினால், புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நெட்வொர்க் இணைப்பு 43 விநாடி அறுந்தது. அதற்குள் மேலாண்மைக் கருவி மேற்குக் கடற்கரை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர்களை பிரைமரி (எழுதுவதை ஏற்கும் முதன்மை சர்வர்) ஆக்கிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட சில விநாடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிய தரவு குவியத் தொடங்கிவிட்டது. ஏதாவது ஒரு பக்கத் தரவை இழக்காமல் உடனே திரும்ப முடியாத நிலை. போதாக்குறைக்கு, கிழக்கில் ஓடிய அப்ளிகேஷன்களால் நாட்டுக்குக் குறுக்கே போய் எழுதும் தாமதத்தைத் தாங்க முடியவில்லை. சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. கருவி தனக்கு இட்ட கட்டளையைத்தான் செய்தது. ரீஜன் எல்லை தாண்டி பிரைமரியை மாற்றலாமா என்பதை முன்கூட்டியே யோசித்து அமைத்திருக்க வேண்டும். பிறகு அதைத்தான் அவர்களும் தடுத்தார்கள்.

சின்ன விஷயங்களும் சில உண்டு. ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் ப்ரைமரி கீயை 1, 2, 3 என்று ஏறும்படி வைத்தால், கீ வரிசைப்படி தரவைப் பிரிக்கும் டேட்டாபேஸில் புதிய வரிசைகள் எல்லாம் ஒரே நோடின் (சர்வரின்) தலையில் விழும். இதற்காகத் தாறுமாறான நீண்ட அடையாளமான யுயுஐடிக்கு மாறிவிட்டு, உருவான நேரத்தின் மேல் போட்ட இண்டெக்ஸை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அதுவும் ஏறிக்கொண்டே போவதால் அதே நெரிசலைத் திரும்பக் கிளப்பும். அப்புறம், காக்ரோச்டிபி போன்ற டேட்டாபேஸ்கள், இருவர் ஒரே தரவில் மோதினால், 40001 என்ற பிழையைத் தந்து டிரான்ஸாக்ஷனை (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுப்பை) மறுபடி ஓட்டச் சொல்லும். அதற்கு நடுவே மின்னஞ்சல் அனுப்பும் கோட் இருந்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போகும்.

தரவு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற சட்டமோ ஒப்பந்தமோ இருந்தால் டேபிளை அந்த நாட்டிலேயே நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது. பேக்கப்பும் லாகும் எங்கே போகின்றன என்று பாருங்கள். சில பிளாட்ஃபார்ம்களில் கீயின் மதிப்புகள் மெட்டாடேட்டாவோடு (எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளோடு) மற்ற ரீஜன்களுக்கும் போகும்; அடையாள எண்ணையோ மின்னஞ்சலையோ கீயாக வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

ஐந்து நகல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பவர்களும் உண்டு. தவறான டிலீட் ஒன்று ஐந்து நகலிலும் சில நொடிகளில் நேர்த்தியாக நடந்து முடியும்.

இவற்றில் பாதியை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். லினக்ஸின் நெட்எம் வசதியால் டெஸ்ட் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே 90 மில்லிவிநாடி தாமதத்தைச் செயற்கையாகச் சேர்த்து, அப்ளிகேஷனை ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எந்தத் திரை முதலில் திணறுகிறதோ, அங்கிருந்து கோடைத் திருத்தத் தொடங்கலாம். பயனர்கள் எல்லோரும் ஒரே கண்டத்தில்தான் என்றால், ஒரு ரீஜனுக்குள் மூன்று டேட்டா சென்டர், தொலைவில் ஒரு ரெப்ளிகா, சோதித்துப் பார்த்த பேக்கப், இவையே போதும் என்று முடிவாகவும் வாய்ப்புண்டு.