யூரோப்பியத்தைக் கூட்டினால் ஒளி கூடிவிடாது: ஒட்சைட்டுப் படலங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பளிங்குருவற்ற, அதாவது அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமையாத, ஒட்சைட்டுப் படலங்களில் யூரோப்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்களின் அயன்களைச் சிறிதளவு சேர்த்து (இதுதான் டோப்பிங்) அவற்றை ஒளிரவைக்க வரும் ஒவ்வொரு புதிய மாணவர் குழுவும், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறது. கண்ணாடியைச் சரியாகக் கழுவாதது, குறிப்பேட்டில் திகதி எழுதாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகத் திருந்தும்.

ஒளி மங்கியதும் டோப்பிங்கைக் கூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மட்டக்களப்பில் மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், ஒரு மாணவர் சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைக் கூழாக்கி உலர்த்தி, சிலிக்காப் படலம் செய்துகொண்டிருந்தார். 254 நனோமீற்றர் கழியூதா விளக்கின் கீழ் சிவப்பு தெரிகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. "சேர், யூரோப்பியம் போதவில்லைபோல் இருக்கிறது" என்றார். கூட்டினார். இன்னும் மங்கியது. மறுபடியும் கூட்டினார். கொழும்பு வழியாக வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற உப்பு, போத்தலின் அடிக்குப் போய்விட்டது.

குற்றவாளி ஈரம். தூண்டப்பட்ட யூரோப்பியம் அயன் தன் சக்தியை 612 நனோமீற்றர் சிவப்பு ஒளியாக விடலாம். அருகிலுள்ள அணுக்களின் அதிர்வாகவும் இழக்கலாம். அதிர்வாக இழக்க அது தாண்ட வேண்டிய சக்தி இடைவெளி, நிறமாலை அலகில் சொன்னால், சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ 12,000 அலைகள். சிலிக்காவின் ஓர் அதிர்வு அதே அலகில் ஏறத்தாழ 1100 என்பதால் பதினொன்று சேர வேண்டும். அது மிக அரிது. ஈரம் படலத்தில் விட்டுவைக்கும் ஐதரொட்சில் (OH) கூட்டத்தின் அதிர்வோ 3400, நான்கே போதும். எர்பியத்தின் 1540 நனோமீற்றர் ஒளிக்கு இடைவெளி 6500 மட்டுமே; இரண்டே அதிர்வுகள் அதை அணைத்துவிடும்.

பளிங்கில் போல டோப் அயனுக்கு இங்கே ஒழுங்கான இருக்கை கிடையாது. சிலிக்காவில் அயன்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரளும். அளவைக் கூட்டக் கூட்டச் சக்தி அயனிலிருந்து அயனுக்குத் தாவி, எங்கோ இருக்கும் ஒரு ஐதரொட்சிலில் போய் முடியும். ஈர விறகு எரியவில்லை என்று மேலும் ஈர விறகை அடுக்குவது போன்ற வேலை இது.

முதலில் அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். 3400 அருகே அகன்ற பள்ளம் இருந்தால் யூரோப்பியப் போத்தலைத் தொடாதீர்கள். அந்த மாணவரின் படலத்தில் அந்தப் பள்ளம் முகத்தில் அறைவதுபோல் நின்றது. ஐதரொட்சிலைப் போக்கப் படலத்தைச் சூடாக்க வேண்டும்; ஆனால் சாதாரண நுணுக்குக்காட்டித் தட்டு 900 பாகை செல்சியஸைத் தாங்காது, வளைந்துவிடும். சிலிக்காக் கண்ணாடிக்கு மாறிச் சூடாக்கிய பிறகு, குறைந்த டோப்பிங்கிலேயே சிவப்பு தெளிவாக வந்தது. அயன்கள் திரள்வதைக் குறைக்கச் சிறிது அலுமினா சேர்ப்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட வழி. எர்பியம் சேர்த்த ஒளியிழைகளில் அதைத்தான் செய்கிறார்கள்.

டோப் செய்யாத படலத்தை அளக்காமல் விடுவது

படலத்தில் ஒட்சிசன் அணு இல்லாமல் போன வெற்றிடங்களும் ஒளிரும், அடித்தட்டும் ஒளிரும். வெறுந்தட்டு, டோப் செய்யாத படலம், டோப் செய்த படலம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே அமைப்பில் அளக்க வேண்டும்.

306 நனோமீற்றரில் தூண்டுவது

நிறமாலைமானி தூண்டும் ஒளியை இரு மடங்கு அலைநீளத்திலும் போலியாகக் காட்டும்; அந்த இரண்டாம் வரிசை சரியாக 612இல் விழும். வடிகட்டி போடுங்கள்.

யூரோப்பியம் நைத்திரேற்றுப் போத்தலைத் திறந்து வைப்பது

ஈரத்தை உறிஞ்சும். நிறுத்த எடையில் பாதி நீர் என்றால் நீங்கள் கணக்கிட்ட டோப்பிங் அளவு (மூல் சதவீதம்) வெறும் எண்.

உச்சங்களின் விகிதத்தைப் பார்க்காமல் விடுவது

யூரோப்பியத்தின் 612 உச்சம் அயனைச் சுற்றியுள்ள சமச்சீரின்மைக்கு ஏற்ப மாறும். 592 ஏறக்குறைய மாறாது. பளிங்குருவற்ற படலத்தில் 612 ஓங்கி நிற்க வேண்டும். சூடாக்கிய பின் கோடுகள் மெலிந்து பிளந்தாலோ, 592 மேலோங்கினாலோ படலம் பளிங்காகத் தொடங்கியிருக்கலாம். அதற்கு மேல் ஒளிர்வை அளப்பதற்கு முன் பளிங்கு உருவாகியிருக்கிறதா என்று காட்டும் எக்ஸ் கதிர்க் கோணல் (diffraction) சோதனைக்குக் கொடுங்கள்.