பிள்ளை உள்ளே போய்விட்டால் குடும்பம் செய்துவிடும் தவறுகள்

என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன இரவு, அம்மா கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் மூன்று போலீஸ் நிலையங்களுக்கு ஏறி இறங்கினார். மூன்றாவது இடத்தில்தான் அவன் ஜின்ஜாங் லாக்கப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை. அதற்குள் அவனுடைய ஆஸ்துமா பம்ப். யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் அந்தப் பையோடு விடியற்காலையில் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

இப்போது எங்கள் பிளாட்டில் எந்த வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிற வீட்டிலெல்லாம் நாங்கள் அன்றைக்குச் செய்த தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதல் தவறு, "போலீஸ் கூப்பிடட்டும்" என்று காத்திருப்பது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நம் மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. என்ன காரணத்துக்காகக் கைது என்பதைச் சொல்ல வேண்டும். வாக்குமூலம் வாங்குவதற்கு முன், உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் உரிமை உண்டு என்று அவரிடமே சொல்ல வேண்டும். அதனால் நிலையத்துக்குப் போனதும் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: விசாரணை அதிகாரி, அதாவது ஐஓ யார்? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? ரிமாண்டுக்கு (விசாரணைக் காவலுக்கு) எப்போது, எங்கே கொண்டுபோகிறீர்கள்? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும்.

மருந்து இருந்தால் மருத்துவமனை அட்டையின் நகலோடு ஐஓ பெயரைச் சொல்லிக் கொடுங்கள். என்ன நோய், எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஆஸ்துமா, இனிப்புநீர், வலிப்பு இருக்கும் பிள்ளைக்கு லாக்கப்பில் ஓர் இரவு என்பது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 2001 சிறார் சட்டத்தின்படி பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை.

ரிமாண்ட் என்றாலே தண்டனை என்று நினைத்து அழுகிறவர்கள் உண்டு. அது விசாரணைக்காக வைத்திருக்கும் காலம்தான். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 7 நாளும் 7 நாளும். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமான சொஸ்மா வேறு கதை. அதில் 28 நாள் வரை வைத்திருக்கலாம், ஜாமினும் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் எந்தச் சட்டம் என்று முதலிலேயே கேட்கச் சொல்கிறேன்.

கைது, ரிமாண்ட், ஜாமின் கட்டங்களில் மலேசியர்களுக்காக இலவசமாக நிற்பதற்கென்றே தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 'யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. லாக்கப்பில் அடிபட்டிருந்தாலோ மருந்து கிடைக்கவில்லை என்றாலோ, மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போதே சொல்ல வேண்டும். "சொன்னா இன்னும் அடிப்பாங்க" என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். அங்கே சொன்னால்தான் அது பதிவாகும்.

அடுத்தது புரோக்கர். "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். எங்களிடம் வந்தவருக்கு அம்மா தாலிக்கொடியை அடகு வைத்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. ஜாமின் பணத்தை நீதிமன்ற நடைமுறைப்படி கட்டுங்கள், அத்தாட்சியைக் கையில் வாங்குங்கள். ஒழுங்காக எல்லா நீதிமன்றத் தவணைக்கும் போய் வழக்கு முடிந்தால் ஜாமின் எடுத்தவருக்கே அந்தப் பணம் திரும்பி வரும். தொகை தாங்க முடியவில்லை என்றால் குறைக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள்.

எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாதது இனிமேல் சொல்லப்போவதுதான்.

எங்களால் ஜாமின் கட்ட முடியவில்லை. தம்பி ஐந்து மாதம் சுங்கை பூலோ சிறையில் வழக்குக்காகக் காத்திருந்தான். அப்புறம் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்து வாயசைத்தான்: "அக்கா, ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமாம்." நானும் தலையாட்டிவிட்டேன். பக்கத்தில் வழக்கறிஞர் யாரும் இல்லை. 3 ஆண்டு.

வழக்கறிஞரிடம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள விடாதீர்கள். மலாய் சரியாகப் புரியாதவர், குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஒப்புக்கொள்வதுதான் சரி என்று முடிவானாலும், தண்டனையைக் கைதான நாளில் இருந்து கணக்கிடும்படி கேட்க வேண்டும். நீதிமன்றம் வேறு நாள் குறிப்பிடாவிட்டால், தீர்ப்புச் சொன்ன நாளில் இருந்துதான் தண்டனை ஓடும். எங்களுக்காக அதை யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதம் கணக்கிலேயே சேரவில்லை. மேல்முறையீடு செய்ய 14 நாள் இருக்கிறது என்பதும் அந்த 14 நாள் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தீர்ப்பு வந்ததும் குடும்பம் கணக்குப் போடுவதிலும் பிழை வரும். நன்னடத்தையோடு இருந்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கழியும். 3 ஆண்டு என்பது 2 ஆண்டாகலாம். உள்ளே சண்டை, கைப்பேசி என்று மாட்டினால் அந்தக் கழிவு போகும். 2008இல் சட்டத்தைத் திருத்தி, நிபந்தனையோடு முன்கூட்டியே வெளியே விடும் பரோலையும் கொண்டுவந்தார்கள். 1 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்று அதில் பாதியைக் கழித்தவரைப் பரோல் வாரியம் பரிசீலிக்கும். எல்லாக் குற்றத்துக்கும் அது கிடையாது. ஆனால் வெளியே எங்கே தங்கப் போகிறார், யார் பார்த்துக்கொள்வார் என்று அதிகாரி விசாரிக்கும்போது, வீட்டில் "இங்கே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும். அப்பா அப்படிச் சொல்லத்தான் இருந்தார். அவமானம் அவருக்கு. அம்மாதான் அன்றைக்கு முந்திக்கொண்டு பேசினார்.

இந்த அவமானத்தால்தான் பலர் போய்ப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். பினாங்கு மாநிலத்தின் பாகான் டாலாமில் இருந்து அதே மாநிலத்து ஜாவி சிறைக்கு எவ்வளவு தூரம்? ஆனாலும் இரண்டு ஆண்டாகப் போகாத ஒரு தாயை எனக்குத் தெரியும். "வெளிய வரட்டும், பேசிக்கலாம்" என்கிறார். யாரும் வந்து பார்க்காத பையனுக்கு உள்ளே யார் அண்ணனாகிறார்கள் தெரியுமா? கேங் ஆட்கள்தான். போகும் முன் சிறைக்குப் போன் செய்து நாள், நேரம், முன்பதிவு எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐசி (அடையாள அட்டை) மறக்காதீர்கள். போக முடியாத மாதத்தில் கடிதமாவது போடுங்கள். படிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்தே எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே வரும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போதைப் பழக்கம் இருந்தவருக்கு முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தான காலம். பல மாதம் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. உயிரே போய்விடும். "ஒரு நாள் கூட்டாளிகளோடு இருக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில், போதைப்பொருளுக்கு மாற்றாக மருந்து கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். நெரிசலான இடத்தில் இருந்து வந்திருக்கிறார்.

"இனிமே உனக்கு ஓட்டுக்கூடக் கிடையாது" என்று திட்டுவதும் தப்பு. தண்டனை அனுபவிக்கும் காலத்தில்தான் வாக்குரிமை இல்லை. வெளியே வந்துவிட்டால் உண்டு.

தம்பி வந்த அன்று காலை ஏழு மணிக்கே சுங்கை பூலோ வாசலுக்குப் போய்விட்டோம். மாற்றுச் சட்டை, செருப்பு, அதே ஆஸ்துமா பம்ப் எல்லாம் அம்மா கையில். அப்பா காரை விட்டு இறங்கவில்லை. ஆனால் பின்கதவை மட்டும் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார்.