டீசலைப் பெட்ரோல் மாதிரி நடத்தாதீர்கள்

டீசல் என்றால் பெட்ரோலைவிடக் கொஞ்சம் மட்டமான, புகை கக்குகிற எண்ணெய் என்று நினைப்பவர்கள் நிறைய. டீசல் வண்டிக்கு வருகிற பாதி வம்பு இந்த நினைப்பால்தான் வருகிறது.

இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து இருபதில் ஒரு பங்காக அமுக்குவார்கள். அந்த அமுக்கலிலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் கொதித்துவிடும், அதற்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இதை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியவர் ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர். அவர் பெயர் எஞ்சினுக்கு வந்து, அப்புறம்தான் எண்ணெய்க்கும் ஒட்டிக்கொண்டது.

முதல் தவறு, டீசல் வண்டியில் பெட்ரோல் போடுவது. பல இடங்களில் டீசல் குழாயின் மூக்கு பருமனாக இருப்பதால் பெட்ரோல் வண்டிக்குள் சுலபமாக நுழையாது. ஆனால் பெட்ரோல் மூக்கு டீசல் டேங்கில் தாராளமாக இறங்கிவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. இதில் என்ன ஆபத்து என்றால், வண்டியின் உயரழுத்த பம்புக்கு வழவழப்பு கொடுப்பதே டீசல்தான். பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகத்தோடு உலோகம் உரசி, அந்தத் துகள்கள் எண்ணெயைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வரைக்கும் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் தெரிந்த உடனே சாவியைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினாலே, ஸ்டார்ட் செய்யாமலேயே, டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். "கொஞ்சம்தானே, மேலே டீசலை ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டேங்கை வற்ற வற்ற ஓட்டுவதும் வேண்டாம். பெட்ரோல் வண்டி என்றால் ஊற்றிக் கிளப்பிவிடலாம், இதிலோ குழாயில் காற்று புகுந்துகொண்டால் பல வண்டிகளில் அதை வெளியேற்றாமல் எஞ்சின் எழாது. அதேபோல, புகை வடிகட்டி உள்ள புது வண்டியை தினமும் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால் வடிகட்டி சூடாகாது, கரி எரியாமல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஒரு நீண்ட ஓட்டம் கொடுத்தே ஆக வேண்டும். புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் கேட்கிற வண்டிகளில் அதற்குத் தனி மூடி உண்டு, பெரும்பாலும் நீல நிறத்தில். அந்தக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் செலவு பெட்ரோல் கதையைவிட மோசமாகப் போகலாம்.

வாயால் உறிஞ்சி டீசல் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் ஒரு மடக்கு இறங்குவதுதான் பயங்கரம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியோடு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கையால் அழுத்துகிற பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் இந்த வம்பே கிடையாது.

கடைசியாக, டீசல் சீக்கிரம் பற்றாது என்ற தைரியம். சாதாரண வெப்பத்தில் அது உண்மைதான், திரவத்தில் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஆனால் காலி டீசல் டிரம்மை வெல்டிங்குக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். உள்ளே ஒட்டியிருக்கிற எண்ணெய் வெல்டிங் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்தால் டிரம் வெடிக்கும். முறையாகச் சுத்தம் செய்து, ஆவி இல்லை என்று சோதித்துப் பார்க்காத டிரம்மில் நெருப்பு வைக்கவே கூடாது, தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசுவதெல்லாம் போதாது.