கடை வெப்சைட்டில் நடக்கும் தவறுகள்: ஒரு மோட்டார் கடையை வைத்துப் பார்ப்போம்

போர்வெல் மோட்டார் விற்று, சர்வீஸும் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்சைட்டைத் திறப்பவர் பெரும்பாலும் தண்ணீர் நின்றுபோன வீட்டிலோ தோட்டத்திலோ செல்போனும் கையுமாக நிற்பவர். கடை இன்று உண்டா, எந்த நம்பரில் கூப்பிடுவது, தன் ஊருக்கு ஆள் வருவார்களா, வந்து பார்க்க எவ்வளவு வாங்குவார்கள்: அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். கிடைப்பதோ, ஓடிக்கொண்டே இருக்கும் மூன்று பேனர்களும் ‘எங்கள் நோக்கம்’ என்றொரு பத்தியும்.

முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதலாளியும் டிசைனரும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். கடையில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். அதிகக் கோடு விழுந்த ஐந்து கேள்விகளுக்கான பதில்தான் முதல் பக்கம்.

போன் நம்பரைப் பேனர் படத்துக்குள் வைப்பது அடுத்த தவறு. தொட்டால் அழைப்பு போகாது, காப்பியும் எடுக்க முடியாது. நம்பர் எழுத்தாக, தொட்டதும் டயல் ஆகும்படி இருக்கட்டும். மூன்று நம்பர் இருந்தால் எது விற்பனை, எது சர்வீஸ் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப் லிங்க்கில் 91, அதை ஒட்டிப் பத்து இலக்கம், அவ்வளவுதான். கூட்டல் குறியோ, முன்னால் பூஜ்ஜியமோ, இடைவெளியோ சேர்ந்தால் லிங்க் வேலை செய்யாமல் போகலாம்.

ஊழியருக்கு அதிகம் தலைவலி தருவது விசாரணை ஃபார்ம். பெயர், போன், செய்தி என்று மூன்றே கட்டம் வைத்தால், ‘மோட்டார் ஓடல, உடனே வாங்க’ என்று மட்டும் வரும். மெக்கானிக் எதை எடுத்துப் போவார்? சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, எத்தனை எச்பி, போர் நாலரை இஞ்சா ஆறரை இஞ்சா, மோட்டார் எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது, எந்த ஊர்: இவற்றைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் ‘தெரியாது’ என்ற தேர்வும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைத் தட்டிவிடுவார்கள். கட்டாயம் என்பது போன் நம்பருக்கும் ஊருக்கும் மட்டும் போதும். ‘மோட்டார் நேம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பவும்’ என்று சில ஃபார்ம்களில் பார்க்கலாம். தரைமேல் இருக்கும் மோனோபிளாக் மோட்டாருக்கு அது சரி. போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரோ 300 அடிக்குக் கீழே கிடக்கிறது! பழைய பில்லையோ பேனல் போர்டையோ படம் எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபார்ம் சரியாக இருந்தும் மெயில் வராமல் போவதுண்டு. வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்கள் சர்வர் மெயில் அனுப்பினால், அது போலி என்று ஸ்பேமுக்குப் போகும், அல்லது திரும்பிவிடும். அனுப்புநர் உங்கள் டொமைன் (வெப்சைட் பெயர்) முகவரியாகவும், பதில் போகும் முகவரி மட்டும் வாடிக்கையாளருடையதாகவும் இருக்க வேண்டும். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM) அமைப்புகள் இரண்டையும் டொமைனில் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே ஃபார்மை நிரப்பிப் பாருங்கள். வெப்சைட் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்தது என்றால் டைம் ஸோனையும் கவனியுங்கள்: மாற்றாமல் விட்டால் அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) இருக்கும், காலை பத்து மணிக்கு வந்த புகார் நாலரை மணி என்று பதிவாகும். யார் முதலில் கேட்டார்கள், எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்பதில் ஊழியருக்குக் குழப்பம்தான்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒன்று 4 எம்பி என்றால் இருபது மோட்டாருக்கு 80 எம்பி. தோட்டத்துச் சிக்னலில் அது திறந்த மாதிரிதான். அகலத்தை 1200 பிக்ஸலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும்.

பிரஸ்ஸில் நோட்டீஸுக்கு அடித்த பாமினி எழுத்தை (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். அதைத் தவிர்க்க நோட்டீஸையே படமாகப் போட்டால், தேடுபவர் கண்ணில் படுவது கஷ்டம். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மாற்றும் கருவியில் எழுத்துகள் இடம் மாறுவது சகஜம்.

‘விலைக்கு அழைக்கவும்’ என்பது போன் எடுப்பவரின் வேலையைக் கூட்டும் வாசகம். விலை மாறும் என்பது உண்மைதான். ‘இன்ன விலையிலிருந்து’ என்று போட்டு, எந்தத் தேதி நிலவரம் என்றும் எழுதினால் போதும். வெப்சைட்டிலேயே பணம் வாங்கி விற்பவர்கள் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளையும் பார்க்க வேண்டும்: குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் பக்கத்தில் இருக்க வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். டிசைனர் பேரில் இருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் அவருக்குத்தான் போகும். அவர் தொழிலை மாற்றிக்கொண்டால் உங்கள் முகவரி கைவிட்டுப் போகலாம். முதலாளி பேர், முதலாளி மெயில், முதலாளி போன் நம்பர் என்று மாற்றுங்கள். அதே சமயம் லீவு அறிவிப்பு, நேரம், விலை மூன்றையும் மாற்றக் கவுன்டரில் இருப்பவருக்குத் தனி லாகின் கொடுங்கள்; முழு அதிகாரம் வேண்டாம், பக்கங்களைத் திருத்த மட்டும் விடும் எடிட்டர் அளவு போதும். ஆயுத பூஜைக்குக் கடை லீவு என்று அவர் போடும்போது கூகுள் மேப்பிலும் மாற்றச் சொல்லுங்கள். பலர் அங்கே பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.