மனோவசியக் கோப்புகளை வாசிக்கும் முறை: பாம்பன் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாம்பனிலும் மண்டபத்திலும் வலை செப்பனிடுகிற இடங்களில் மனோவசியம் என்ற சொல் விழுந்துவிட்டால் பேச்சு எளிதில் ஓய்வதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கண்ணைப் பார்த்ததும் கழுத்துச் சங்கிலியைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் சொல்வார். அமெரிக்க உளவுத்துறை இதே வித்தையால் மனிதர்களைக் கொலைக் கருவிகளாக மாற்றியது என்று இன்னொருவர் கைப்பேசியில் காணொளியைக் காட்டுவார். மாலையில் என்னிடம் படிக்க வரும் கல்லூரி மாணவர்கள் இந்த இரண்டாவது செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டார்கள். மூல ஆவணங்களில் எஞ்சியவை யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியவையாக இருக்கின்றன என்பதால், அவற்றை வாசிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ., மனித மனத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளைத் தேடி 1950 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின் பெயர் புளூபேர்ட். அதுவே 1951இல் ஆர்டிசோக் ஆனது. எம்.கே.அல்ட்ரா என்பது வேறு. அதற்கு அன்றைய இயக்குநர் ஆலன் டல்லஸ் 1953 ஏப்ரல் 13 அன்று ஒப்புதல் அளித்தார், சிட்னி காட்லீப் என்ற வேதியியலாளர் அதை நடத்தினார். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும் காணொளியை அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம். அடுத்து, பதவியிலிருந்து விலகும் தறுவாயில் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் 1973இல் எம்.கே.அல்ட்ரா கோப்புகளை அழிக்கச் செய்தார் என்பதையும், வேறிடத்தில் இருந்ததால் தப்பிய ஏழு பெட்டிகள் 1977இல் தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றின்போது கண்டெடுக்கப்பட்டன என்பதையும் எழுதுங்கள். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் பணக் கணக்குகள். ஆகவே கோப்பு இல்லாத இடத்தில் "நடந்தது" என்று எழுதவும் கூடாது, "நடக்கவில்லை" என்று எழுதவும் கூடாது.

வாசிப்பை 1977 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்க செனட் சபையில் நடந்த விசாரணையின் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. அன்றைய இயக்குநர் ஸ்டான்ஸ்பீல்ட் டர்னர் அங்கே எம்.கே.அல்ட்ராவின் 149 துணைத்திட்டங்களை வகைப்படுத்திச் சொன்னார். அவற்றில் ஹிப்னாடிசம், அதாவது மனோவசியம், தொடர்பானவை 8, அந்த எட்டில் மருந்தையும் சேர்த்துச் செய்தவை 2. பிறகு சி.ஐ.ஏ.வின் இணைய வாசிப்பறைக்கும், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகத்துக்கும் செல்லுங்கள்.

ஒரு தாளைத் திறந்ததும் அது எவ்வகைத் தாள் என்று கேட்க வேண்டும், இந்தக் கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையானது. நம் கரையில் கடலுக்குச் செல்ல மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுப்பது ஒன்று, கடலில் வலை இறக்குவது ஒன்று, கரையில் மீனை எடை போடுவது ஒன்று. டோக்கனைக் காட்டி மீன் விற்க யாராலும் முடியாது. இந்தக் கோப்புகளிலும் அனுமதி கேட்கும் தாள், சோதனை செய்ததைச் சொல்லும் தாள், பலனைச் சொல்லும் தாள் என்று மூன்று உண்டு. எடுத்துக்காட்டாக, 1953 மே மாதத் தாள் ஒன்று 5ஆம் துணைத்திட்டத்தை விவரிக்கிறது: ஹிப்னாடிசத்தால் பதற்றத்தை உண்டாக்குதல், சிக்கலான எழுத்துப் பகுதியை மனப்பாடம் செய்து திரும்பச் சொல்லும் திறனைக் கூட்டுதல், பொய்யறியும் கருவியின் முன் ஹிப்னாடிச நிலையில் உள்ளவரின் எதிர்வினை ஆகியவை அதில் அடங்கும். உளவாளி ஒருவரைச் செய்தி சுமக்கும் பெட்டியாக்கும் ஆசை இதில் தெரிகிறது. ஆசை தெரிவதால் அது நிறைவேறியது என்று ஆகாது.

சோதனைத் தாள்களில் மாணவர்களை அதிகம் அசைப்பது 1954 பிப்ரவரியைச் சேர்ந்தது. ஆர்டிசோக் பணியில் இருந்த மோர்ஸ் ஆலன், ஹிப்னாடிச நிலையில் இருந்த ஒரு பெண் செயலரிடம், உறங்கிக்கொண்டிருந்த இன்னொரு செயலரை எழுப்பச் சொன்னார். எழவில்லை என்றால் சுட்டுவிடும்படியும் சொன்னார். அந்தப் பெண் குண்டில்லாத துப்பாக்கியை எடுத்து விசையை அழுத்தினார், பிறகு ஒன்றும் நினைவில்லை என்றார். இங்கே அவசரப்படாதீர்கள். அந்தப் பெண் அலுவலகத்தில் நம்பகமான மேலதிகாரியின் முன் இருந்தார். தன்னை இங்கே யாரும் கொலைகாரியாக்க மாட்டார்கள் என்பது அவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்கலாம். எதிரி நாட்டுக் கைதியிடம் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இந்தச் சந்தேகத்தை முறையாகச் சோதித்தவர் உளமருத்துவர் மார்ட்டின் ஆர்ன். அவரது ஆய்வுக்கும் சி.ஐ.ஏ. நிதி சென்றிருந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1965இல் அவரும் பிரெடரிக் எவான்ஸும் வெளியிட்ட ஆய்வில், ஹிப்னாடிச நிலைக்குச் சென்றவர்கள் ஆபத்தான கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தது போலவே, அந்நிலைக்குச் சென்றதாக நடித்தவர்களும் கீழ்ப்படிந்தார்கள். கீழ்ப்படிய வைத்ததில் ஆய்வுக்கூடத்தின் அதிகாரத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆகவே எந்தச் சோதனையைப் படித்தாலும், வசியம் இல்லாமல் இதே வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்களா என்று தேடுங்கள். அப்படிப் பார்க்காத சோதனைக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

சி.ஐ.ஏ.வின் 1963ஆம் ஆண்டு விசாரணைக் கையேடு 1997இல் வெளியானது. அதிலுள்ள மாய அறை என்னும் உத்தியை அவசியம் படியுங்கள். கைதியிடம் அவர் கை சூடாகிறது என்று சொல்ல வேண்டும், மறைத்து வைத்த வெப்பக்கருவியால் கையை உண்மையிலேயே சூடாக்க வேண்டும். வசியத்துக்கு ஆட்பட்டுவிட்டோம் என்று அவர் நம்பினால், வாய் திறந்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடும். வசியம் வேலை செய்வதைவிட, வேலை செய்கிறது என்ற நம்பிக்கையே விசாரிப்பவருக்குப் பயன்பட்டது. நம் பக்கத்தில் வசியத்துக்கு அஞ்சுகிற ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

பலன் ஐயத்துக்குரியது என்பதால் தீங்கு நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. டர்னரின் கணக்கில் எம்.கே.அல்ட்ரா பணி நடந்த இடங்களில் 3 சிறைகளும் இருந்தன. மறுக்க இயலாத இடத்தில் இருப்பவரின் நிலை எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கு எதிரேயும் சம்மதம் என்று ஒரு கட்டம் போட்டு, கேட்டார்களா, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். அதே பக்கத்தில் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கையும் குறியுங்கள்: 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி உண்மை அறியும் மருந்துச் சோதனையோ பொய்யறியும் சோதனையோ மூளை அலைச் சோதனையோ நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

படித்ததைப் பிறருக்கு வாசித்துக் காட்டும்போது தேதியையும் தாளின் வகையையும் முதலில் சொல்லுங்கள். கறுப்பு மை பூசிய வரி வந்தால் ஊகித்து நிரப்பாமல், "இங்கே ஒரு வரி மறைக்கப்பட்டிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.